பூவரசம் பூவை லேபுக்குள் கொண்டுபோன குளித்தலைக்காரர்... டி.ஆர்.சேஷாத்ரியைத் தெரியுமா?

அலங்காநல்லூர்னு சொன்னா எல்லாருக்கும் வாடிவாசல்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா, அந்த ஊர்ல இருந்து தினமும் காலையில பையைத் தூக்கிக்கிட்டு மதுரைக்கு காலேஜ் பஸ் ஏறுற ஆளா நீங்க இருந்தா, உங்க கவலை வேற. அதுவும் பி.எஸ்சி கெமிஸ்ட்ரின்னா, கல்யாண வீட்டுல பார்க்கிற சொந்தக்காரங்க எல்லாம் கேட்கிற கேள்வி ஒண்ணுதான். இதைப் படிச்சுட்டு என்ன வேலைக்குப் போவ? வாத்தியார் வேலைக்குப் போகலாம். சரி, அதுக்கு மேல?

அந்த 'அதுக்கு மேல'ங்கிறதுக்கு நம்ம மண்ணுல இருந்தே ஒரு பதில் இருக்கு. அவர் பேர் டி.ஆர்.சேஷாத்ரி. காவிரிக்கரை குளித்தலையில பிறந்தவர். வாழ்நாள் முழுக்க யுனிவர்சிட்டி வாத்தியாராகவே இருந்தவர். அந்த ஒரே வேலையை வெச்சுக்கிட்டு, லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனவர். நீங்க பஸ் ஜன்னல் வழியா தினமும் பார்க்கிற பூவரசும் புங்கையும்தான் அவருக்குப் பாடப்புத்தகம்.

வாத்தியார் வீட்டுப் பையன்

1900-ம் ஆண்டு பிப்ரவரி 3-ம் தேதி, அன்றைய திருச்சி மாவட்டம் குளித்தலையில் பிறந்தார் சேஷாத்ரி. இன்றைக்கு அந்த ஊர் கரூர் மாவட்டத்தில் இருக்கு. அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். வீட்டில் ஐந்து ஆண் பிள்ளைகள், அதில் இவர் மூன்றாவது. ஒரு வாத்தியார் சம்பளத்தில் ஐந்து பிள்ளைகளைப் படிக்க வைப்பது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய பாடுன்னு உங்க தாத்தா, பாட்டியைக் கேட்டாலே சொல்வாங்க.

ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் பள்ளிப்படிப்பு முடிந்தது. 1917-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி ஹானர்ஸ் சேர்ந்தார். அதற்குப் பணம்? ராமகிருஷ்ணா மிஷன் கைகொடுத்தது. 1920-ல் பட்டம் வாங்கியதும் அவர் நேராக வேலை தேடிப் போகவில்லை. ஓராண்டு அந்த மிஷனிலேயே பணி செய்தார். படிக்க வைத்தவர்களுக்கு முதலில் கடன் தீர்த்துவிட்டுத்தான் ஆராய்ச்சிப் பக்கம் திரும்பினார்னு வெச்சுக்கலாம். அறிவியலும் ஆன்மிகமும் கடைசி வரைக்கும் அவருக்குள் சண்டை போடாமல் சேர்ந்தே இருந்தன. பிற்காலத்தில் இரண்டையும் சேர்த்து ஒரு புத்தகமே எழுதினார்.

மாநிலக் கல்லூரிக்குத் திரும்பி, பிமன் பிகாரி டே என்ற வங்காளப் பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அந்த வேலைக்காக மெட்ராஸ் யுனிவர்சிட்டியின் பரிசுகள் கிடைத்தன. 1927-ல் மெட்ராஸ் அரசாங்கத்தின் ஸ்காலர்ஷிப்பும் கிடைத்தது. கப்பல் ஏறினார்.

நோபல் வாத்தியார்களிடம் பாடம்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனிவர்சிட்டி. அங்கே அவருக்கு வழிகாட்டி ராபர்ட் ராபின்சன். ராபின்சனுக்கு அப்போது நோபல் கிடைத்திருக்கவில்லை, அது 1947-ல்தான் வந்தது. ஆனால், செடிகள் தங்களுக்குள் தயாரிக்கிற ரசாயனங்களை லேபில் செய்து பார்ப்பதில் அன்றைக்கே உலகத்தின் பெரிய கை அவர்தான். பூக்களுக்குச் சிவப்பும் ஊதாவும் தருகிற ஆந்தோசயனின் நிறமிகள், மலேரியாவுக்கான மருந்துகள்... இவைதான் சேஷாத்ரிக்குக் கிடைத்த வேலை. 1929-ல் டாக்டர் பட்டம்.

இதே ராபின்சனிடம் மான்செஸ்டரில் படித்த இன்னொரு தமிழ்நாட்டுக்காரரும் உண்டு. சென்னையில் பிறந்த கே.வெங்கடராமன். எம்.எஸ்சி ஆர்கானிக் பாடத்தில் 'பேக்கர் - வெங்கடராமன்' வினைன்னு ஒண்ணு வருமே, அந்த வெங்கடராமன் இவர்தான். பிற்காலத்தில் புனே தேசிய ரசாயன ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநர் ஆனார்.

பட்டம் வாங்கியதும் ஊருக்கு ஓடிவரவில்லை சேஷாத்ரி. ஆஸ்திரியா போய், 1923-ல் நோபல் பெற்ற ஃபிரிட்ஸ் பிரெகிளிடம் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டார். மைக்ரோ அனாலிசிஸ். ஒரு பொருளில் கார்பன் எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவுன்னு கண்டுபிடிக்க, பழைய முறைப்படி அந்தப் பொருளைக் கணிசமாக எரிக்கணும். பிரெகிளின் முறையில் சில மில்லிகிராம் இருந்தாலே போதும். அங்கிருந்து எடின்பரோ போய், ஜார்ஜ் பார்ஜரிடம் ஆல்கலாய்டு என்கிற தாவர நச்சுப் பொருள்கள் பற்றியும் படித்தார்.

மூன்று ஊர், மூன்று குரு, மூன்று வித்தை. இதில் அந்த மில்லிகிராம் வித்தை பிற்காலத்தில் எவ்வளவு கைகொடுத்திருக்கும்னு கொஞ்ச நேரத்துல உங்களுக்கே புரியும்.

திரும்பி வந்தபோது...

1930-ல் இந்தியா திரும்பினார். நோபல் லேபில் வேலை பார்த்தவர், உடனே பேராசிரியர் நாற்காலி போட்டுக் கூப்பிட்டிருப்பாங்கன்னு நினைப்பீங்க. அப்படி நடக்கவில்லை. கோயம்புத்தூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கெமிஸ்ட் வேலைதான் கிடைத்தது. இன்றைய வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிற அதே இடம்.

முப்பதுகளின் முன்பாதியில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் இருந்து அழைப்பு வந்தது. விசாகப்பட்டினத்தை ஒட்டிய வால்டேரில், கடலைப் பார்த்த குன்றின் மேல் உள்ள யுனிவர்சிட்டி. தொடங்கியதே 1926-ல்தான். துணைவேந்தராக அப்போது இருந்தவர் டாக்டர் எஸ்.ராதாகிருஷ்ணன். ஆமாம், நாம ஆசிரியர் தினம் கொண்டாடுறோமே, அவரேதான்.

சேஷாத்ரிக்குக் கிடைத்தது கெமிஸ்ட்ரி துறையின் தலைமைப் பொறுப்பு. கேட்க நல்லாயிருக்கும். ஆனா, புதுத்துறை என்றால் எல்லாமே முதலில் இருந்து தொடங்கணும். கிளாஸ் எடுக்கணும், லேப் அமைக்கணும், சாமான் வாங்கணும், ஆராய்ச்சி மாணவர்களைச் சேர்க்கணும். அந்தக் காலத்தில் நல்ல கண்ணாடி சாமானும் சுத்தமான ரசாயனமும் பெரும்பாலும் ஐரோப்பாவில் இருந்து கப்பலில்தான் வரணும்.

இந்த இடத்துலதான் ஒரு முக்கியமான முடிவு இருக்கு. மான்செஸ்டரில் செய்ததையே வால்டேரிலும் செய்கிறேன் என்று இறங்கியிருந்தால், ஒவ்வொரு பாட்டிலுக்கும் கப்பலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சேஷாத்ரி சுற்றிலும் பார்த்தார். மருந்து பாட்டில்கள் கம்மி. மரமும் பூவும் ஏராளம். அதுவும் வெளிநாட்டு லேபுகள் சரியாகத் தொட்டே பார்க்காத இந்திய மரங்கள். அதையே தன் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார்.

ஒரு கூடை பூ... ஒரு சிட்டிகை பொடி!

திருமங்கலம், பேரையூர் பக்கம் கரிசல் காட்டில் பருத்திப் பூ பார்த்திருக்கீங்களா? மஞ்சளாகவோ வெளுப்பாகவோ விரியும், வாடும்போது ரோஸ் நிறத்துக்கு மாறும். பூவரசம் பூவும் அப்படித்தான். காலையில் மஞ்சள், சாயங்காலத்துக்குள் செம்மை ஏறிடும். அந்த மஞ்சள் எதனால் வருது? பூவுக்குள் என்ன இருக்கு? சேஷாத்ரியும் மாணவர்களும் தேடியது இதைத்தான்.

இன்றைக்கு இருக்கிற என்.எம்.ஆர் மாதிரி மெஷின்கள் அப்போது கிடையாது. அப்படின்னா எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கேட்டால் சமையல் மாதிரிதான் இருக்கும்.

முதலில் பூவை உலர்த்தணும். அதை ஆல்கஹாலில் காய்ச்சி வடிகட்டணும். வடித்த சாறைச் சுண்ட வைக்கணும். பிறகு ஈத்தர் மாதிரி வேறு வேறு கரைப்பான்களில் குலுக்கி, வேண்டாத மெழுகு, பச்சையம் எல்லாவற்றையும் கழிக்கணும். கடைசியில் மஞ்சள் நிறத்தில் ஏதோ ஒண்ணு அடியில் படியும். அதைத் திரும்பத் திரும்பக் கரைத்து, திரும்பத் திரும்பப் படிகமாக்கணும். கிலோ கணக்கில் பூ போட்டால் கிராம் கணக்கில் கிடைத்தாலே பெரிய விஷயம். இப்போ புரியுதா, மில்லிகிராம் வித்தை ஏன் முக்கியம்னு?

அதோடு முடியாது. அந்தப் பொடியின் உருகுநிலையைப் பார்க்கணும். ஃபெர்ரிக் குளோரைடு விட்டால் என்ன நிறம் வருதுன்னு பார்க்கணும். காரத்தில் கொதிக்க வைத்து மூலக்கூறை உடைத்து, உடைந்த துண்டுகளை வைத்து முழு உருவத்தை ஊகிக்கணும். ஊகம் சரியா? அதே பொருளை லேபில் ஒவ்வொரு படியாகச் செய்து, பூவில் இருந்து எடுத்த பொடியோடு கலந்து உருக்கணும். இரண்டும் ஒன்று என்றால் உருகுநிலை மாறாது. வேறு வேறு என்றால் இறங்கிடும். மாதக்கணக்கான உழைப்புக்கு ரிசல்ட் சொல்வது ஒரு தெர்மாமீட்டர்!

இப்படிப் பிடித்த நிறமிகளில் பெரும்பாலானவை ஃபிளேவனாய்டு என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டு வளையங்கள், நடுவில் மூன்று கார்பன், மொத்தம் 15 கார்பன் கொண்ட ஒரு எலும்புக்கூடு. அதன்மேல் எந்த இடத்தில் ஆக்சிஜன் உட்காருதுங்கிறதை வைத்துத்தான் நிறமும் குணமும் மாறும். வெங்காயத்துல இருக்கிற குவர்செடின் இந்தக் குடும்பம்தான். இன்னைக்கு ஆன்லைன்ல கேப்சூலாவே விக்கிறாங்களே, அதேதான்.

சேஷாத்ரி அத்தோடு நிற்கவில்லை. பூவில் என்ன இருக்கிறது என்பதைவிட, செடி அதை எப்படிச் செய்கிறது என்ற கேள்விதான் அவரை இழுத்தது. ஒரு எளிய ஃபிளேவனாய்டை எடுத்து, அதன் வளையத்தில் பெர்சல்பேட் கொண்டு புதிதாக ஓர் ஆக்சிஜனை ஏற்றிக் காட்டினார். பல ஆண்டுகள் தொடர்ந்த ஆராய்ச்சி வரிசை அது. செடியும் இப்படித்தான் ஒவ்வொரு படியாக ஆக்சிஜன் ஏற்றி, ஒன்றிலிருந்து இன்னொன்றைச் செய்துகொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து.

உங்க சாப்பாட்டுத் தட்டுலயும் அவர் இருக்கார்!

அவர் தொட்ட செடிகளின் பட்டியலைப் பார்த்தால், ஏதோ நம்ம ஊர்த் தெருவில் நடந்து போற மாதிரியே இருக்கும்.

ஆந்திரா மெஸ்ல கோங்குரா ஊறுகாய் கேட்டு வாங்கிச் சாப்பிடுவீங்களே, நம்ம ஊர் புளிச்சகீரை... அந்தச் செடியின் பூவில் இருந்து ஹைபிசெட்டின் என்ற நிறமியை அவர் குழு ஆராய்ந்தது.

மதுரை பிரியாணி மசாலாவில் வாசனைக்குக் கல்பாசி போடுவாங்க. அது பூவும் இல்லை, பட்டையும் இல்லை. பூஞ்சையும் பாசியும் ஒட்டி வாழும் 'லைக்கன்' வகை. இந்திய லைக்கன்களில் என்னென்ன ரசாயனங்கள் இருக்குன்னு வரிசையாகக் கட்டுரைகள் வெளியிட்டது அவர் குழு.

சாலையோரம் நிழல் தருகிற புங்கை. இதன் வேர்ப்பட்டையில் இருந்து எடுத்த ஒரு பொருளுக்கு அவர்கள் வைத்த பெயர் கானுஜின். தெலுங்கில் புங்கைக்குக் கானுகா என்று பெயர். உலக அறிவியல் இதழ்களுக்குள் ஓர் ஊர்ச் சொல் இப்படி சத்தமில்லாமல் நுழைந்தது.

அப்புறம் 'புஷ்பா' படம் பார்த்த எல்லாருக்கும் தெரிந்த செம்மரம். அந்தக் கட்டையின் சிவப்புக்குக் காரணமான சாண்டலின் என்ற நிறமி, அமைப்பைக் கண்டுபிடிக்க முடியாமல் கெமிஸ்டுகளை ரொம்ப நாள் அலையவிட்டது. அதை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது எப்போது தெரியுமா? 70 வயதைத் தாண்டிய பிறகு.

குண்டு விழுந்தது... லேப் போனது!

1937-ல் அவர் பேராசிரியர் ஆனார். கெமிஸ்ட்ரி துறையோடு நிற்காமல் ரசாயனத் தொழில்நுட்பத் துறை, மருந்து வேதியியல் துறை என இரண்டையும் வால்டேரில் உருவாக்கினார். கெமிஸ்ட்ரி படித்தவன் தொழிற்சாலைக்கும் மருந்து கம்பெனிக்கும் போகணும்னா, அதற்குத் தகுந்த படிப்பு இருக்கணும் இல்லையா? சொந்தக்காரங்க உங்ககிட்ட கேட்கிற அந்தக் கேள்விக்கு அவர் அன்னைக்கே கட்டடம் கட்டி பதில் சொல்லத் தொடங்கினார்.

எல்லாம் கூடி வந்த நேரத்தில் இரண்டாம் உலகப்போர். 1942 ஏப்ரல் 6-ம் தேதி ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்தின் மீது குண்டு போட்டன. அந்த ஆண்டே யுனிவர்சிட்டி குண்டூருக்கு இடம் பெயர்ந்தது. வால்டேர் கட்டடங்கள் ராணுவத்தின் கைக்குப் போயின. சில ஆண்டுகளாக ஒவ்வொரு பொருளாகச் சேர்த்த லேப், ஒரே அடியில் கையைவிட்டுப் போனது.

ஒரு லேபைக் கட்டியவருக்குத்தான் அந்த வலி தெரியும். குழாய், கேஸ், மேஜை, தராசு என எல்லாம் சரியாக இருக்கிற ஒரு ஹாலை மூட்டை கட்டி எடுத்துப்போக முடியாது. இருந்தும் அந்தப் போர் வருஷங்களில் அவர் குழுவின் கட்டுரைகள் நிற்கவில்லை. சி.வி.ராமன் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் கோங்குரா பூ, பூவரசம் பூ, பருத்திப் பூ என்று வரிசையாக வந்தபடியே இருந்தன.

எப்படின்னு யோசிச்சா, விடை அவர் ஆரம்பத்தில் எடுத்த முடிவிலேயே இருக்கு. வெளிநாட்டுச் சரக்கை நம்பிய ஆராய்ச்சியாக இருந்தால் போரோடு நின்றிருக்கும். பூவரசுக்குப் போர் தெரியாது. குண்டூரிலும் அது பூத்துக்கொண்டுதான் இருந்தது.

49 வயதில் மீண்டும் புது ஊர்

போர் முடிந்து வால்டேருக்குத் திரும்பியாயிற்று. இனி நிம்மதியாக ரிட்டயர்மென்ட் வரைக்கும் ஓட்டலாம். அப்போதுதான் டெல்லியில் இருந்து அழைப்பு. கூப்பிட்டவர் டெல்லி யுனிவர்சிட்டியின் துணைவேந்தர் சர் மாரிஸ் குவையர். அதற்கு முன் இந்தியாவின் ஃபெடரல் கோர்ட்டுக்குத் தலைமை நீதிபதியாக இருந்தவர். சுதந்திர இந்தியாவின் தலைநகரில் ஒரு நல்ல அறிவியல் யுனிவர்சிட்டி இருக்கணும்னு ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

1949-ல் சேஷாத்ரி டெல்லி போனார். அப்போது அவருக்கு வயது 49. மறுபடியும் துறைத்தலைவர், மறுபடியும் லேப், மறுபடியும் புது மாணவர்கள். அடுத்த 16 ஆண்டுகளில், இயற்கைப் பொருள் வேதியியல் என்றாலே டெல்லி யுனிவர்சிட்டி என்று சொல்லும் அளவுக்கு அந்தத் துறை வளர்ந்தது. பல்கலைக்கழக மானியக்குழு அதை உயர் ஆய்வு மையமாக அங்கீகரித்தது.

1960-ல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ. 1963-ல் பத்ம பூஷண். 1965-ல் ஓய்வு பெற்றதும், டெல்லி யுனிவர்சிட்டி தன் முதல் எமெரிட்டஸ் பேராசிரியர் என்ற கௌரவத்தை அவருக்குத் தந்தது. 1967-ல் ஐதராபாத்தில் நடந்த இந்திய அறிவியல் காங்கிரஸுக்குத் தலைவர். 1975 செப்டம்பர் 27-ம் தேதி காலமானார்.

அவர் கணக்கில் இருந்த பெரிய நம்பர்

ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள் அவர் கணக்கில் இருக்கு. ஆனா, அதைவிட முக்கியமான நம்பர் ஒண்ணு உண்டு. ஏறக்குறைய 160 பேர் அவரிடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். அவர் தொட்ட ஒவ்வொரு செடிக்குப் பின்னாலும் ஒரு மாணவர் இருந்தார். ஒருவர் பருத்திப் பூ, ஒருவர் புங்கை, ஒருவர் லைக்கன். எஸ்.ரங்கசாமி, எல்.ராமச்சந்திர ராவ் போன்ற மாணவர்கள் தாங்களே பேராசிரியர்களாகி, அடுத்த தலைமுறையை உருவாக்கினார்கள்.

அவர்களில் ஒருவரை நீங்க அவசியம் தெரிஞ்சுக்கணும். தர்ஷன் ரங்கநாதன். 1967-ல் சேஷாத்ரியிடம் டாக்டர் பட்டம் பெற்றவர். பிறகு கணவர் ஐ.ஐ.டி கான்பூரில் பேராசிரியராக இருந்ததால், கணவன் மனைவி இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை தருவதில்லை என்ற எழுதாத விதி அவருக்குக் குறுக்கே நின்றது. பேராசிரியர் பதவி இல்லாமலே, ஃபெல்லோஷிப் பணத்தில் அதே வளாகத்தில் ஆராய்ச்சி செய்தார். பெப்டைடு மூலக்கூறுகள் தங்களைத் தாங்களே அடுக்கிக்கொள்ளும் விதத்தில் உலகம் மதிக்கிற வேலை அது. பதவி இல்லாட்டியும் வேலை நிற்கக் கூடாது. லேப் இல்லாமல் குண்டூரில் நின்ற ஒருவரின் மாணவி அல்லவா!

ஒரு விஷயத்தையும் நேர்மையா சொல்லிடணும். சேஷாத்ரி கண்டுபிடித்த மருந்துன்னு மெடிக்கல் ஷாப்ல எதுவும் கிடைக்காது. அவர் பெயரில் கம்பெனி இல்லை, பிராண்டு இல்லை. அதனால்தான் அறிவியல் உலகத்துக்கு வெளியே, சொந்த மாவட்டத்திலேயே அவர் பெயர் அவ்வளவாகப் புழங்கவில்லை. ஒரு செடிக்குள் என்ன இருக்கிறது என்று சந்தேகமில்லாமல் எழுதி வைப்பதுதான் அவர் செய்த வேலை. அதன்மேல் நின்றுதான் அடுத்தவர் மருந்தோ, சாயமோ, பூச்சிக்கொல்லியோ தேட முடியும். அஸ்திவாரத்துக்கு யாரும் பெயர்ப்பலகை மாட்டுவதில்லை.

சரி, இதுல உங்களுக்கு என்ன இருக்கு?

உங்க காலேஜ் லேப்ல பியூரெட் உடைஞ்சிருக்கலாம். மெஷின் இருக்கும், ஆனா ஸ்டூடன்ட்ஸ் தொடக் கூடாதுன்னு பூட்டியிருக்கலாம். பெரிய சிட்டில படிச்சிருந்தா நல்லாயிருக்கும்னு தோணும். அந்தக் குறை நிஜம்தான், அதைக் கேட்டு வாங்குறது உங்க உரிமை. ஆனா, அது சரியாகிற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லாத கேள்விகளும் உங்க ஊர்ல நிறைய இருக்கு. பெரியாறு கால்வாய்க் கரையில எந்தச் செடி எப்போ பூக்குது, உங்க அப்பத்தா எந்த இலையை எந்தப் புண்ணுக்கு அரைச்சுப் போட்டாங்க, எந்தப் பட்டையைப் போட்டா துணியில சாயம் ஏறும்... இதையெல்லாம் ஒரு நோட்டுல தேதி போட்டு எழுத ஆரம்பிக்க எந்த மெஷினும் வேண்டாம். எழுதினதை உங்க டிபார்ட்மென்ட் சார்கிட்டயோ மேடம்கிட்டயோ காட்டுங்க. எம்.எஸ்சி புராஜெக்ட்டுக்கு ஒரு நல்ல தலைப்பு அதுக்குள்ளயே இருக்கலாம்.

அடுத்த தடவை கல்யாண வீட்டுல சொந்தக்காரர் அதே கேள்வியைக் கேட்டா, குளித்தலைக்காரர் ஒருத்தரோட கதையைச் சொல்லுங்க. அவர் இலையில பரிமாறியிருக்கிற பிரியாணியில கல்பாசி இருந்தா, அங்க இருந்தே ஆரம்பிக்கலாம்!